ஊருக்கு வெளியே மார்டி கிரா

மார்ச் 5-ஐ அமெரிக்காவில் ஆப்சிந்த் என்ற மதுவின் நாள் என்கிறார்கள். மே 13 உலகக் காக்டெயில் நாள். ரம்முக்கு ஒரு நாள், விஸ்கிக்கு ஒரு நாள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவற்றில் பல, சரக்கு விற்பவர்களுக்குத் தோதாக அமைந்த நாள்கள். அரசு விடுமுறையும் கிடையாது, வழிபாடும் கிடையாது. ஆனாலும் இந்த நாள்களில் லண்டனிலும் சிகாகோவிலும் ஹூஸ்டனிலும் சிலர் கூடுகிறார்கள், சாஸெராக் என்ற காக்டெயிலைக் கலக்கிறார்கள், பித்தளை வாத்தியக் குழுவின் பாட்டை ஓடவிடுகிறார்கள், நியூ ஆர்லியன்ஸ் என்ற ஊரின் பெயரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்துகிறார்கள். அவர்களில் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் உண்டு, போய்வந்து மனதைப் பறிகொடுத்தவர்கள் உண்டு, இன்னும் அந்த மண்ணை மிதிக்காதவர்களும் உண்டு. ஊரில் இல்லாமல் ஊர்த் திருவிழாவா, அதுவும் குடியை வைத்தா என்று இவர்களைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல அது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரத்திலிருந்து கொண்டாடுவதில் எந்தத் தப்பும் இல்லை; அந்த ஊரின் பண்பாடு இன்றைக்கும் உயிரோடு இருப்பதில் தூரத்தில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது. நியூ ஆர்லியன்ஸின் கொண்டாட்டத்தில் குடியைவிடப் பெரிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: ஒன்று நாள்கணக்கு, இன்னொன்று ஒருவருக்கொருவர் செய்தே ஆகவேண்டிய கடமை.

குடியிலிருந்தே தொடங்குவோம். 1806 மே 13 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று காக்டெயில் என்றால் என்ன என்று வாசகருக்கு விளக்கியது. ஏதாவது ஒரு மதுவகை, சர்க்கரை, தண்ணீர், கசப்புச்சாறு ஆகிய நான்கும் சேர்ந்தது என்றது. உலகக் காக்டெயில் நாளுக்குத் தேதி கொடுத்தது இந்த விளக்கம்தான். அந்தப் பழைய இலக்கணத்துக்கு இன்றும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தி நிற்கும் பானம் சாஸெராக். ரை விஸ்கி, சர்க்கரை, 19-ஆம் நூற்றாண்டில் நியூ ஆர்லியன்ஸின் ராயல் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த அந்துவான் அமெதே பேஷோவின் பெயர் தாங்கிய சிவந்த கசப்புச்சாறு, கோப்பையின் உட்புறத்தில் ஆப்சிந்த் தடவிய வாசம், மேலே பிழிந்த எலுமிச்சைத் தோல். 2008-இல் லூசியானா மாநிலச் சட்டமன்றம் இதை நியூ ஆர்லியன்ஸின் அதிகாரபூர்வக் காக்டெயிலாக அறிவித்தது. இந்தப் பானத்தின் கதையில் ஒரு முக்கியமான இடைவெளி இருக்கிறது. 1912-இல் அமெரிக்கா ஆப்சிந்தைத் தடைசெய்தது. தடை தளர்ந்து அது மறுபடி கடைக்கு வந்தது 2007-இல். நடுவே 95 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் நியூ ஆர்லியன்ஸ் தன் சொந்தப் பானத்தை மாற்றுச்சரக்கு வைத்துத்தான் கலந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்த கையோடு, 1934-இல், அந்த ஊரிலேயே சோம்பு வாசத்தோடு ஹெர்ப்செயின்ட் என்ற மதுவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் பல பார்களில் ஆப்சிந்தை விட்டுவிட்டு அதைத்தான் விரும்பி ஊற்றுகிறார்கள். வெளியூரில் இருப்பவர் கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்தால் அது போலி என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். இல்லாததை ஈடுகட்டிச் செய்வது அந்த ஊரின் வழக்கத்திலேயே இருக்கிறது.

ஊரை விட்டு வெளியே போனவர் பானத்தைக் கூடவே எடுத்துப்போவதும் புதிய பழக்கம் இல்லை. ஹென்றி ராமோஸ் 1888-இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு ஜின் பானத்தை அறிமுகம் செய்தார். முட்டை வெள்ளைக்கரு, பாலேடு, எலுமிச்சை, ஆரஞ்சுப்பூ நீர் எல்லாம் சேர்த்து, கை ஓயும்வரை குலுக்கினால்தான் அதில் நுரை நிற்கும். கார்னிவல் காலத்தில் குலுக்குவதற்கென்றே வரிசையாக ஆட்களை நிறுத்தினார் ராமோஸ். 1935-இல் லூசியானாவின் செனட்டர் ஹூயி லாங், நியூயார்க்கில் இந்தப் பானம் சரியாகக் கிடைக்கவில்லை என்று சொல்லி, நியூ ஆர்லியன்ஸிலிருந்து பானம் கலப்பவர் ஒருவரையே வரவழைத்து, அங்கிருந்த ஓட்டல் ஊழியர்களுக்குப் பாடம் எடுக்க வைத்தார். விளம்பரத்துக்காகச் செய்ததுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தன் ஊரின் ருசி வேற்றூரில் கெட்டுப்போகக் கூடாது என்ற அக்கறையும் அதில் தெரிகிறது. ராமோஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடித்துத் தள்ளாடுபவர்களைத் தன் கடையில் அவர் பொறுத்துக்கொண்டதில்லை. அளவு மீறாமல் குடிக்கும் இடமாகத்தான் அதை நடத்தினார். இந்தச் செய்தியைப் பின்னால் மறுபடி எடுப்பேன்.

இப்போது நாள்கணக்குக்கு வருகிறேன். என் வாதத்தின் கனம் இங்கேதான் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸின் கார்னிவல் ஜனவரி 6 அன்று, மூன்று அரசர்கள் குழந்தை இயேசுவைக் காண வந்த திருநாளில் தொடங்குகிறது. சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாயான மார்டி கிராவோடு முடிகிறது. ஈஸ்டர் எப்போது வருகிறதோ அதை வைத்து அந்தச் செவ்வாய் பிப்ரவரி 3-க்கும் மார்ச் 9-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். அதனால் சில ஆண்டுகளில் கொண்டாட்டம் நான்கே வாரம், சில ஆண்டுகளில் இரண்டு மாதம். மார்டி கிரா நள்ளிரவு ஆனதும் குதிரைப்படைப் போலீசார் போர்பன் தெருவில் அணிவகுத்து வந்து, விழா முடிந்தது என்று கூட்டத்தைக் கலைப்பார்கள். விடிந்தால் தவக்காலம், நெற்றியில் சாம்பல். இந்த எல்லையை ஊர் மக்கள் சும்மா பேச்சுக்கு வைத்திருக்கவில்லை. ஊதா, பச்சை, பொன்நிறச் சர்க்கரை தூவிய கிங் கேக்கை ஜனவரி 6-க்கு முன்னால் சாப்பிடுவதை இன்றும் பலர் தவறாக நினைக்கிறார்கள். யாராவது கிறிஸ்துமஸ் வாரத்திலேயே கடித்துவிட்டால் கண்டிப்பு விழும். விளம்பரத்துக்கான குடி நாள்களிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான். ஆப்சிந்த் நாளுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம், அது முடிந்தபின் எதையும் விடவும் வேண்டாம். கார்னிவலில் காத்திருப்பும் உண்டு, நிறுத்துவதும் உண்டு. வெளியூரில் இருந்து நியூ ஆர்லியன்ஸைக் கொண்டாட நினைப்பவர் முதலில் கடன் வாங்க வேண்டியது இந்த ஒழுங்கைத்தான். இதற்கு விமானச் சீட்டு வேண்டாம், விஸ்கி பாட்டிலும் வேண்டாம். தேதி தெரிந்தால் போதும். வாரத்துக்கும் இப்படி ஓர் ஒழுங்கு அங்கே உண்டு. திங்கட்கிழமை என்றால் சிவப்பு பீன்ஸும் சோறும். துணி துவைக்கும் நாளில் அடுப்பைக் கவனிக்க நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய பன்றித்தொடை எலும்போடு பீன்ஸைப் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு மெல்ல வேகும். துவைக்கும் எந்திரம் வந்து எத்தனையோ காலம் ஆகியும் திங்கட்கிழமை மாறவில்லை. நாம் ராஜ்மா என்று வாங்கும் அதே பயறுதான்.

அந்தக் கிங் கேக்குக்குள் ஒரு சின்னக் குழந்தைப் பொம்மையை ஒளித்து வைப்பார்கள். யாருடைய துண்டில் அது வருகிறதோ அவர் அடுத்த கேக்கை வாங்கித் தர வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அதிர்ஷ்டசாலிக்குக் கிடைக்கும் பரிசு ஒரு கடன்! அடுத்த வாரம் கூடுவதற்கான பொறுப்பு இந்த வாரத்துக் கேக்கிலேயே வந்துவிடுகிறது. அந்த ஊரின் கொண்டாட்ட அமைப்புகள் பெரும்பாலும் இதே அச்சில்தான் இருக்கின்றன. ஊர்வலங்களை நடத்துவது கிரூ என்று அழைக்கப்படும் குழுக்கள். மாநகராட்சி காவலும் துப்புரவும் பார்த்துக்கொள்ளும்; ஊர்வலத்தின் செலவு உறுப்பினர்களுடையது. தெருவில் நிற்பவர்களுக்கு வீசும் மணிமாலைகளைக்கூட அவர்கள் சொந்தக் காசில்தான் வாங்குகிறார்கள். கறுப்பின மக்களின் பக்கத்தில் இதைவிட ஆழமான வரலாறு இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவரை வாசலிலேயே நிறுத்திய காலத்தில், அவர்கள் சந்தா சேர்த்துச் சங்கம் அமைத்தார்கள். உறுப்பினர் நோயில் விழுந்தால் சங்கம் வைத்தியச் செலவு செய்யும், இறந்தால் வாத்தியத்தோடு அடக்கம் செய்யும். கல்லறை வரைக்கும் சோக இசை, திரும்பும்போது துள்ளல் இசை என்ற ஜாஸ் சவ ஊர்வலம் இந்தச் சங்கங்களின் தோளில்தான் வளர்ந்தது. 1884-இல் தொடங்கிய யங் மென் ஒலிம்பியன் சங்கம் இன்றும் தெருவில் ஊர்வலம் போகிறது. 1909-இல் பன்றிக்கொழுப்பு டப்பாவைக் கிரீடமாக அணிந்த ஒரு 'மன்னரோடு' முதல் முறை அணிவகுத்த ஜூலு குழுவும் இப்படிப்பட்ட சங்கத்திலிருந்து வந்ததே. இந்த வகைச் சங்கங்களின் பொதுப்பெயரில் 'சமூக உதவி'யும் 'மகிழ்ச்சி'யும் சேர்ந்தே இருக்கின்றன. ஆட்டம், பாட்டம், குடி எல்லாம் அந்த உதவியின் மறுபக்கம்.

தூரத்தில் இருப்பவர் இதில் சேர முடியுமா? லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் பாருங்கள். 1901-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, 1922-இல் சிகாகோவுக்குக் கிளம்பியவர், அதற்குப் பிறகு பிறந்த ஊரில் நிரந்தரமாகக் குடியிருந்ததே இல்லை. 1943 முதல் இறக்கும்வரை அவருக்கு நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில்தான் வீடு. ஆனால் தன் கடிதங்களின் அடியில் கையெழுத்துக்கு மேலே சிவப்பு பீன்ஸையும் சோற்றையும் பெயர் சொல்லித்தான் விடைபெறுவார். 1949-இல் அவர் ஜூலுவின் மன்னராகத் தேரேறினார். வெளியூர்க்காரர் என்று யாரும் அவரை ஒதுக்கவில்லை. 1956-இல் லூசியானா ஒரு சட்டம் போட்டு, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பதைத் தடைசெய்தது. ஆம்ஸ்ட்ராங்கின் குழுவில் இரண்டு இனத்தவரும் இருந்தார்கள். குழுவைப் பிரித்துக்கொண்டு சொந்த ஊருக்கு வாசிக்கப் போக அவர் சம்மதிக்கவில்லை. சிவில் உரிமைச் சட்டம் வந்தபின் 1965-இல்தான் திரும்பிப்போய் வாசித்தார். அந்த ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸை உலகுக்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர், நியூ ஆர்லியன்ஸில் வாசிக்க மறுத்த ஒருவர். தூரம் அன்பைக் குறைக்கும் என்ற கருத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை. சில நேரங்களில் ஊரை மதிப்பதற்கு ஊரை விட்டு விலகி நிற்க வேண்டியிருக்கிறது.

2005-க்குப் பிறகு இது ஒரு தனி மனிதரின் கதையாக இல்லாமல் போனது. ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரையேறியது. கரைச்சுவர்கள் உடைந்து நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 4,84,674 பேர் இருந்த ஊர் அது. 2010-இல் 3,43,829 பேர். கறுப்பின மக்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் குறைந்திருந்தார்கள். பத்து ஆண்டு கழித்து 2020-இலும் மொத்த எண்ணிக்கை நான்கு லட்சத்தைத் தொடவில்லை. ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் டாலஸிலும் கிங் கேக் தேடியவர்கள் சுற்றுலா மோகத்தில் தேடவில்லை. வீடு போனவர்கள், திரும்பி வரக் காசோ வாடகை வீடோ இல்லாதவர்கள். 2006 பிப்ரவரி 28 அன்று வரவிருந்த மார்டி கிராவை நடத்தலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. பிணங்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கும்போது கூத்தா என்றார்கள் சிலர், நியாயமான கேள்வி. நடத்தினார்கள். சிதறிப்போன சங்கத்தார் அணிவகுப்பதற்காகவே வேறு மாநிலங்களிலிருந்து வந்தார்கள். அதே ஆண்டில் சங்கங்களின் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலங்களுக்குக் காவல்துறை அனுமதிக் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தியது. சங்கங்கள் நீதிமன்றத்துக்குப் போய் அதைக் குறைக்க வைத்தன. இதை எல்லாம் பார்த்தபின், ஊரில் இருப்பவர் மட்டுமே ஊரைக் கொண்டாடலாம் என்ற விதியை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி ஒரு விதி போட்டால், வெள்ளமும் வாடகையும் யாரைத் துரத்தினவோ அவர்களைத்தான் அது மறுபடி ஒருமுறை துரத்தும்.

இதற்கு மாற்றாக வலுவான ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் கொண்டாடும் அந்தப் பண்பாடு சுத்தமானதா? இல்லை. நியூ ஆர்லியன்ஸ் அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்றாக இருந்தது. காக்டெயிலை இனிக்க வைத்த லூசியானாச் சர்க்கரை, அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்பிலிருந்து வந்தது. 1857-இல் இன்றைய வடிவிலான ஊர்வலத்தைத் தொடங்கிவைத்த கோமஸ் குழு, முகமூடி அணிந்த வெள்ளைப் பிரமுகர்களின் சங்கம். 1991-இல் நகரமன்ற உறுப்பினர் டோரதி மே டெய்லர் முன்னின்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்: பொதுத்தெருவில் ஊர்வலம் போகும் குழு, இனத்தைக் காரணம் காட்டி யாரையும் விலக்கக் கூடாது. கோமஸ் அதற்கு உடன்படாமல் தெரு ஊர்வலத்தையே கைவிட்டது. மோமஸ் என்ற குழுவும் போனது. புரோட்டியஸ் என்ற இன்னொரு குழு சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்து 2000-இல் திரும்பியது. வெளியூரில் சாஸெராக் கலப்பவர்களில் இந்தப் பக்கம் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொண்டாட்டத்தைக் கைவிடுவது இதற்கு மருந்தாகாது. கறுப்பினச் சங்கங்கள் இதே தெருக்களில் இதே நாள்களில் தங்கள் திருவிழாவை நடத்தி, அதை இன்னொரு பொருளுக்கு மாற்றின. ஊர்வலத்தை ஒழிக்காமல், அதன் கதவைத் திறக்கத்தான் டெய்லரும் சட்டம் கொண்டுவந்தார். நாம் யார் பக்கத்திலிருந்து அந்த விழாவைப் பார்க்கிறோம் என்பதைத் தேர்ந்துகொள்ளும் வசதி தூரத்தில் இருப்பவருக்கும் உண்டு. ரெக்ஸ் என்ற குழுவின் மன்னர் அணியும் பொற்கிரீடத்தைவிட ஜூலுவின் தகரக் கிரீடத்தை நான் தேர்வேன்.

குடியைப் பற்றிய ஆட்சேபமும் இருக்கிறது. தமிழ் வாசகரிடம் அது இன்னும் கூர்மையாக வரும். மதுக்கடை எத்தனை குடும்பங்களின் சம்பளத்தைத் தின்கிறது என்று கண்ணால் பார்க்கும் மண்ணில், ஒரு ஊரின் பண்பாட்டைக் காக்டெயிலின் பெயரால் கொண்டாடுவது கூச வைக்கத்தான் செய்யும். நியூ ஆர்லியன்ஸும் இதில் விதிவிலக்கு இல்லை. தெருவில் பிளாஸ்டிக் கோப்பையில் மது ஏந்தி நடக்கச் சட்டம் அனுமதிக்கும் ஊர் அது. போர்பன் தெருவின் பின்னிரவு எல்லோருக்கும் இனிய காட்சி அல்ல. நான் அதற்காக வாதாடவில்லை. நான் சொல்வது, அந்த ஊரின் சிறந்த கலைஞர்களே அளவைப் போற்றியவர்கள் என்பது. ராமோஸின் கடையை நினைத்துக்கொள்ளுங்கள்: குலுக்குவதற்கு அத்தனை நேரம் எடுத்துக்கொள்ளும் ஒரு பானத்தை யாரும் மடக்மடக்கென்று குடிக்க மாட்டார்கள். மது தொடாதவருக்கும் அங்கே குறை ஏதும் இல்லை. கேக், பீன்ஸ், வாத்தியம், உடைகளின் தையல், தேதிகளின் ஒழுங்கு எதற்கும் மது தேவையில்லை. காபியைக்கூட அவர்கள் சிக்கரி கலந்துதான் குடிக்கிறார்கள். பிரெஞ்சுப் பழக்கத்தில் வந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் துறைமுகம் முற்றுகையிடப்பட்டுக் காபிக்கொட்டை அரிதானபோது வேரூன்றிய வழக்கம் அது. 1862 முதல் பிரெஞ்சுச் சந்தையில் இருக்கும் கஃபே து மோந்தில் இன்றும் அதைத்தான் பாலோடு ஊற்றுகிறார்கள். சிக்கரி டிகாக்ஷனில் வளர்ந்த நமக்கு அந்தக் கோப்பை அந்நியமாக இருக்காது. குடி நாள் ஒன்றைச் சாக்காக வைத்து இந்தக் காபியைக் கையில் எடுப்பவரும் அந்த ஊரைத்தான் கொண்டாடுகிறார்.

கடைசியாக, தூரத்துக் கொண்டாட்டம் ஊருக்கு எதைத் தருகிறது என்று கேட்கலாம். வெறும் ஏக்கமா? 2021 இதற்குப் பதில் சொன்னது. 2020-இன் மார்டி கிராக் கூட்டத்தில் கொரோனா பரவி ஊர் பெரும் விலை கொடுத்திருந்தது. அதனால் அடுத்த ஆண்டுக்கு ஊர்வலம் கிடையாது என்று 2020 நவம்பரில் நகர நிர்வாகம் அறிவித்தது. அப்படியானால் வீட்டையே தேராக்குகிறேன் என்று ஒருவர் சமூக வலைத்தளத்தில் எழுதிய வரி, சில வாரங்களில் இயக்கமாகிவிட்டது. சுமார் 3,000 வீடுகள் காகிதப் பூவும் அட்டைச் சிற்பமுமாகத் தேர்களாயின. அந்த வீட்டுத்தேர்க் குழுவில் வேறு மாநிலங்களுக்குப் போய்விட்ட ஊர்க்காரர்களும் சேர்ந்தார்கள். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும்கூடச் சிலர் தங்கள் வீட்டு முகப்பை அலங்கரித்து, குழுவின் வரைபடத்தில் இடம்பெற்றார்கள். இன்னொரு பக்கம், தேர் செய்வதையே பிழைப்பாகக் கொண்ட கலைஞர்கள் அந்த ஆண்டு வேலையில்லாமல் நின்றார்கள். பீன்ஸ் மணிகளை உடையில் ஒட்டி மார்டி கிராவுக்கு முந்தைய திங்களில் ஊர்வலம் போகும் சிவப்பு பீன்ஸ் கிரூ, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியது. அந்தப் பணத்தில் கலைஞர்களுக்குக் கூலி கொடுத்து, இருபதுக்கும் மேற்பட்ட வீடுகளைப் பெருந்தேர்களாக மாற்ற வைத்தது. ஊரில் இருந்தவரும் கொடுத்தார்கள், ஊருக்கு வெளியே இருந்தவரும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஊர்வலங்கள் தெருவுக்குத் திரும்பியபோது, தேர் கட்டத் தெரிந்த கைகள் வேறு தொழிலுக்குப் போய்விடாமல் அந்த ஊரிலேயே இருந்தன.